றிமோட் அழுத்தியும் ஸ்ராட் ஆகாத மின்பிறப்பாக்கி: பிழையைத் தேடும் ஒழுங்கு

மின்கம்பி இன்னும் எட்டாத குத்தகைக் காணிகளிலும், மீள்குடியேறிய கிராமங்களிலும் சிறிய மின்பிறப்பாக்கிகள் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. சிலவற்றைத் தோட்டக் குழுக்கள் சீட்டுப் பிடித்து வாங்கியுள்ளன. சிலவற்றை வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பியுள்ளனர். கிணற்றில் மோட்டர் போட்டு இறைப்பதற்கும், இரவில் பிள்ளைகள் படிப்பதற்கும், கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும் அவை பயன்படுகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின்சாரம் உள்ள ஊர்களும் இவற்றைத் தேடின.

புதிதாக வருபவற்றுள் பல 'றிமோட்' உள்ளவை. கையடக்கமான ஒரு சிறு பொத்தானை அழுத்தினால், தூரத்தில் இருக்கும் இயந்திரம் தானாகவே ஸ்ராட் ஆகிறது. கயிறு இழுக்க வலுவில்லாத முதியோருக்கும், வீட்டில் தனித்திருக்கும் தாய்மாருக்கும் இது பெரிய உதவி. ஆனால் ஒருநாள் பொத்தானை அழுத்த ஒன்றும் நடக்காது. வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாளுக்கு ஓர் இறைப்பு வேண்டும். செம்மண் தரை காத்திருக்காது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? லான்ட்மாஸ்டரை வாடகைக்குப் பிடித்து, இயந்திரத்தைப் பட்டினத்துக்கு ஏற்றுகிறோம். போக்குவரத்துக்கு ஒரு செலவு, திருத்தத்துக்கு ஒரு செலவு. போன இறைப்போ திரும்பி வராது. சொந்தக் காணியில் இருப்பவர் ஒரு போகத்து நட்டத்தைத் தாங்கலாம். குத்தகைப் பணத்தையும் விதைக் கடனையும் தலையில் சுமக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது இயலாது.

இத்தகைய பிழைகளிற் பெரும்பாலானவற்றை ஊரிலேயே கண்டுபிடிக்கலாம் என்பதே இப்பாடத்தின் கருத்து. வேண்டியவை நான்கு: ஒரு மலிவான மீற்றர், ஒரு ஸ்பனர், ஒரு துண்டு அரத்தாள், ஒழுங்காகத் தேடும் பொறுமை.

பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது?

றிமோட்டை நாம் பெரிய மந்திரமாக எண்ணுகிறோம். உண்மையில் அது செய்தி கொண்டு செல்லும் தூதன் மட்டுமே. அது ஒரு வானொலிச் சைகையை அனுப்புகிறது. மின்பிறப்பாக்கியின் உள்ளே இருக்கும் செய்தி வாங்கும் பெட்டி அதைக் கேட்கிறது. அப்பெட்டி முதலில் பெற்றோல் வால்வையும் சோக்கையும் ஒழுங்கு செய்கிறது. பின்னர் ஸ்ராட்டர் றிலேக்கு மின் கொடுக்கிறது. றிலே 'டக்' என்று மூடிக்கொள்ள, 12 வோல்ற்றுப் பற்றரியின் முழுப் பலமும் தடித்த வயர் வழியாக ஸ்ராட்டர் மோட்டருக்குப் போகிறது. மோட்டர் எஞ்சினைச் சுழற்றுகிறது. பெற்றோல், காற்று, பொறி மூன்றும் சேர்ந்தால் எஞ்சின் பற்றிக்கொள்கிறது.

ஆகவே இது ஒரு சங்கிலி: றிமோட், வாங்கும் பெட்டி, பற்றரி, றிலே, ஸ்ராட்டர் மோட்டர், எஞ்சின். ஏதாவது ஒரு வளையம் அறுந்தாலும், வெளியே நிற்கும் எமக்கு "றிமோட் வேலை செய்யவில்லை" என்றே தோன்றும். அதனால் றிமோட்டையே குற்றஞ்சாட்டுகிறோம். ஆனால் றிமோட் பழுதாவது குறைவு. பற்றரியும் அதன் முனைகளும்தான் அடிக்கடி பிழைவிடுபவை.

கைவைக்கும் முன்

கயிற்றால் ஸ்ராட் செய்யும் இயந்திரம், இழுப்பவர் பக்கத்தில் நின்றால்தான் ஓடும். றிமோட் இயந்திரம் அப்படியல்ல. பொத்தானை அழுத்துபவர் வீட்டுக்குள் இருப்பார். இயந்திரத்தின் அருகே யார் குனிந்து நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. பிள்ளையொன்று விளையாட்டாக அழுத்தினாலும் இயந்திரம் சுழலும். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

1. றிமோட்டை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு றிமோட் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. பற்றரி சுவிச்சை நிறுத்துங்கள். உள்ளே கை வைப்பதானால் பற்றரியின் மறை முனை வயரை, அதாவது கறுப்பு வயரை, முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது கறுப்பு வயரைக் கடைசியாகப் பூட்டுங்கள்.
3. பிளக்கின் தொப்பியை இழுத்து விடுங்கள்.
4. மின்பிறப்பாக்கியில் செருகியிருக்கும் மோட்டர், விளக்கு எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
5. ஓடிய சூடு ஆறும்வரை காத்திருங்கள். பக்கத்தில் பீடி, சுருட்டு, விளக்கு எதுவும் வேண்டாம்.

சோதனைக்காக ஸ்ராட் செய்யவேண்டிய வேளையில் மட்டும், எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, கழற்றியவற்றைப் பூட்டுங்கள்.

முதற் சோதனை: கயிறு

மின்பிறப்பாக்கி தட்டையான நிலத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒயில் மட்டத்தையும் பெற்றோலையும் பாருங்கள். எஞ்சின் சுவிச்சையும் பெற்றோல் வால்வையும் திறந்து, சோக்கைக் கையால் இழுத்துவிட்டு, கயிற்றால் ஸ்ராட் செய்து பாருங்கள்.

கயிற்றுக்கு ஸ்ராட் ஆனால் எஞ்சின் நலமாக இருக்கிறது. பெற்றோலும் பிளக்கும் குற்றமற்றவை. பிழை பற்றரி, வயர், றிலே, றிமோட் பக்கத்தில் உள்ளது. கயிற்றுக்கும் ஸ்ராட் ஆகாவிட்டால், றிமோட்டைக் கழற்றுவதில் பயனில்லை. பிழை எஞ்சின் பக்கத்தில் உள்ளது. ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனை, தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

ஒரு குறிப்பு: சில வகைகளில் பெற்றோல் வால்வு பற்றரியின் மின்னால்தான் திறக்கும். அவற்றில் பற்றரி முற்றாக வெறுமையாகிவிட்டால் கயிறும் உதவாது. உங்கள் இயந்திரம் எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

பற்றரி

மீற்றரை நேரோட்டம் 20 வோல்ற்றில் வைத்து, சிவப்பை நேர் முனையிலும் கறுப்பை மறை முனையிலும் தொடுங்கள். இயந்திரம் சில மணித்தியாலம் ஓடாமல் நின்ற பின் அளப்பது நல்லது.

12.6 அல்லது அதற்கு மேல்: பற்றரி நிறைந்திருக்கிறது.
12.4 அளவில்: முக்கால் பங்கு உண்டு.
12.2 அளவில்: அரைப் பங்கு. ஸ்ராட் ஆவது ஐயம்.
12.0 அல்லது அதற்குக் கீழ்: உடனே சார்ஜ் ஏற்றவேண்டும்.

இத்துடன் முடிக்கவேண்டாம். ஒருவர் மீற்றரைப் பிடித்திருக்க, மற்றவர் ஸ்ராட் பொத்தானை அழுத்தட்டும். எஞ்சின் சுழலும்போது அளவு சுமார் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், சும்மா இருக்கும்போது 12.6 காட்டினாலும் அந்தப் பற்றரிக்கு உள்ளே வலு இல்லை. சுமை ஏற்றிய பின்புதான் மாட்டின் வலு தெரியும்.

மீற்றர் இல்லாதவர்கள் முச்சக்கரவண்டியின் 12 வோல்ற்றுப் பற்றரியை இரவல் வாங்கிப் பார்க்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு, தடித்த வயரால் நேரை நேருடனும் மறையை மறையுடனும் இணைத்து அழுத்துங்கள். மாறி இணைத்தால் வாங்கும் பெட்டி எரிந்துவிடும், கவனம். இரவற் பற்றரியில் நன்றாகச் சுழன்றால், உங்கள் பற்றரிதான் குற்றவாளி.

பற்றரி ஏன் இறக்கிறது? வாங்கும் பெட்டி றிமோட்டின் குரலுக்காக இரவு பகலாகக் காதைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்கும் சிறிது மின் வேண்டும். அது 20 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். 24 மணித்தியாலத்தில் 480 மில்லி அம்பியர் மணி போய்விடும். 9 அம்பியர் மணிப் பற்றரி 19 நாளுக்குள் வெறுமையாகும். அதற்கு முன்பே, பத்து நாள் அளவில் பாதியாகி, ஸ்ராட் செய்யும் வலுவை இழந்துவிடும். மாதக்கணக்கில் சும்மா வைத்துவிட்டு, அவசரத்துக்கு அழுத்தும்போது ஏமாற்றமடைவது இதனால்தான்.

இதற்கு மருந்து எளிது. சில நாட்களுக்கு ஓட்டத் தேவையில்லை என்றால் பற்றரி சுவிச்சை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் றிமோட் வேலை செய்யாது என்பதை எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். சுவிச் நிறுத்தப்பட்டதை மறந்து, "றிமோட் பழுது" என்று கராச்சுக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு.

ஓடும்போது எஞ்சின் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. அப்போது மீற்றர் 13.5 முதல் 14.5 வரை காட்டவேண்டும். ஆனால் இது மெல்ல மெல்ல ஏறும் சார்ஜ். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகாது. மாதம் ஒருமுறை அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். வெறுமையான பற்றரியை வெளியே சார்ஜ் ஏற்றுவதானால், அதன் அம்பியர் மணியின் பத்தில் ஒரு பங்கு போதும். 9 அம்பியர் மணிக்கு 0.9 அம்பியர். லொறிப் பற்றரிக்குரிய பெரிய சார்ஜரில் போட்டால் உள்ளே வெந்துவிடும். சூரிய ஒளித் தகடு உள்ள குடும்பங்கள், 10 வாற்றுச் சிறு தகட்டைச் சார்ஜ் கட்டுப்படுத்தும் கருவியுடன் இணைத்துப் பற்றரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கலாம்.

சத்தத்தைக் கேளுங்கள்

மாட்டு வைத்தியர் மாட்டின் மூச்சைக் கேட்பதுபோல, ஸ்ராட் பொத்தானை அழுத்தும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் இயந்திரத்திலுள்ள பொத்தானை அழுத்துங்கள், பின்னர் றிமோட்டை அழுத்துங்கள்.

சத்தமே இல்லை: எஞ்சின் சுவிச், பற்றரி சுவிச், பியூஸ் மூன்றையும் பாருங்கள். பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதைப் போடுங்கள். வயர்த் துண்டையோ சிகரட் தாளையோ வைத்துக் கட்டவேண்டாம்.

'டக் டக் டக்' என்று விரைவாகத் தட்டுகிறது: றிலே மூட முயல்கிறது, பற்றரிக்கு அதைப் பிடித்துவைக்கும் வலு இல்லை. பற்றரி வெறுமை, அல்லது முனைகள் தளர்ந்துள்ளன.

ஒரேயொரு 'டக்', பின் மௌனம்: றிலே மூடிவிட்டது, மின் மோட்டருக்குப் போகவில்லை. முனைகள் துருப்பிடித்திருக்கலாம், றிலே உள்ளே கருகியிருக்கலாம், மோட்டர் இறுகியிருக்கலாம். முதலில் முனைகளைப் பாருங்கள்.

நன்றாகச் சுழல்கிறது, பற்றிக்கொள்ளவில்லை: மின் பக்கம் நலம். ஒயில், பெற்றோல், சோக், பிளக் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒருமுறை அழுத்தினால் 5 செக்கனுக்கு மேல் சுழலவிடவேண்டாம். ஒரு நிமிடமாவது ஆறவிட்டு மீண்டும் அழுத்துங்கள். விடாமல் அழுத்தினால் ஸ்ராட்டர் மோட்டர் எரியும்.

ஒரு குழுவின் அனுபவம்

குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் ஒரு குழுவினரின் மின்பிறப்பாக்கி, றிமோட்டுக்கு ஒரேயொரு 'டக்' சத்தத்துடன் நின்றுவிட்டது. பட்டினத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, வாங்கும் பெட்டி பழுது, வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்கவேண்டும் என்றார். குழுவினர் வெளிநாட்டு உறவினருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தனர். இரண்டு இறைப்புத் தவறியது. மேட்டுப் பக்கத்துப் பாத்திகளில் வெங்காயத் தாள் மஞ்சளித்து விழுந்தது.

குழுவின் பொருளாளரான ஒரு தாய், எமது பயிற்சி வகுப்பில் மீற்றர் பிடிக்கக் கற்றவர். அவர் பற்றரியின் முனையில் அளந்தார்: 12.5. ஒருவரை அழுத்தச் சொல்லி மீண்டும் அளந்தார்: 12.4. ஸ்ராட்டரைச் சுழற்றும்போது பற்றரியின் அளவு நன்றாக இறங்கவேண்டும். அது இறங்கவில்லை என்றால் பற்றரியிலிருந்து மின் வெளியேறவே இல்லை. பின்னர் முனையைத் தொடாமல், முனையில் பூட்டியிருந்த வயரின் வளையத்தைத் தொட்டு அளந்தார். அழுத்தியதும் 5 ஆக விழுந்தது. முனைக்கும் வளையத்துக்கும் இடையே, ஒரு நகத்தளவு இடத்தில்தான் பிழை இருந்தது. கழற்றிப் பார்க்க, மறை முனையில் வெள்ளைப் பூஞ்சணம்போல் உப்புப் பூத்திருந்தது. சுடுநீரில் அப்பச்சோடா கரைத்துத் துடைத்து, காயவிட்டு, அரத்தாளால் மினுக்கி, இறுக்கிப் பூட்டி, மேலே வசிலீன் பூசினார். பொத்தானை அழுத்த எஞ்சின் பற்றிக்கொண்டது.

திருத்துநர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நல்ல திருத்துநர் எமக்கு என்றும் தேவை. ஆனால் "பற்றரியில் 12.5, வளையத்தில் 5" என்று சொல்லத் தெரிந்தவரிடம் எவரும் தேவையற்ற சாமானை விற்க முடியாது.

றிமோட்டும் வாங்கும் பெட்டியும்

இயந்திரத்திலுள்ள பொத்தானுக்கு ஸ்ராட் ஆகி, றிமோட்டுக்கு மட்டும் ஆகவில்லை என்றால், அப்போதுதான் றிமோட்டைச் சந்தேகிக்கவேண்டும்.

முதலில் றிமோட்டின் சிறு பற்றரியைப் பாருங்கள். பலவற்றில் நாணயம் போன்ற 3 வோல்ற்று சி.ஆர். 2032 இருக்கும். சிலவற்றில் சிறு உருளை வடிவான 12 வோல்ற்றுப் பற்றரி இருக்கும். அழுத்தும்போது றிமோட்டின் சிறு விளக்கு மங்கினால் பற்றரியை மாற்றுங்கள். வியர்வையும் மழைநீரும் உள்ளே போயிருந்தால் திறந்து துடைத்துக் காயவையுங்கள்.

அடுத்து தூரம். அருகே போய் அழுத்திப் பாருங்கள். மின்பிறப்பாக்கி நாற்புறமும் தகரம் அடித்த கொட்டிலுக்குள் இருந்தால், வானொலிச் சைகை உள்ளே போவது கடினம். மேலே கூரையும் பக்கங்கள் திறந்தும் இருந்தால் றிமோட்டுக்கும் நல்லது, எஞ்சினுக்குக் காற்றோட்டமும் கிடைக்கும்.

மூன்றாவது, வாங்கும் பெட்டி தன் றிமோட்டை மறந்திருக்கலாம். பற்றரியை மாற்றிய பின்போ, புது றிமோட் வாங்கிய பின்போ இது நிகழும். பெட்டியிலுள்ள 'பழக்கும்' பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்தி, பின் றிமோட்டை அழுத்தினால் மீண்டும் பழகிக்கொள்ளும். எத்தனை செக்கன் என்பது வகைக்கு வகை வேறுபடும். கையேட்டைப் பாருங்கள். கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருந்தால், பாடசாலைப் பிள்ளைகளின் உதவியுடன் அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில் எழுதி, பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள்.

சுழல்கிறது, பற்றிக்கொள்ளவில்லை

ஒயில்: பெரும்பாலான மின்பிறப்பாக்கிகளில் ஒயில் குறைந்தால் பொறியை நிறுத்தும் காவற் சுவிச் உண்டு. ஒயில் போதியளவு இருந்தும், இயந்திரம் வரம்பில் சாய்ந்து நின்றால், ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிச் சுவிச் ஏமாறும். தட்டையான பலகையில் அல்லது சீமெந்துக் கல்லில் வையுங்கள். எமது வெப்பத்துக்கு எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 10 டபிள்யூ 30 ஒயில் பொருந்தும். கையேடு சொல்வதையே முதலிற் பாருங்கள். புது இயந்திரத்தில் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயிலை மாற்றுவது நல்லது.

பெற்றோல்: மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் காபரேற்றரின் நுண்துளையில் பசைபோல் படியும். சிறிது பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். பழையதை வடித்துப் புதியதை விடுங்கள். நெடுநாள் ஓடாதென்றால், பெற்றோல் வால்வைப் பூட்டி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைச் சொல்லவேண்டும். 1990 முதல் வடக்கிற்குப் பெற்றோலும் பற்றரியும் வராத தடைக் காலத்தில், எமது மக்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மெசின் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மண்ணெண்ணெய்க்கென்று செய்யப்பட்ட இறைப்பு மெசினின் அமுக்கம் குறைவு. பெற்றோல் மின்பிறப்பாக்கி அப்படிப்பட்டதல்ல. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் ஸ்ராட் ஆவது கடினம். ஓடினாலும் உள்ளே தட்டும், எரியாத மண்ணெண்ணெய் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். மிச்சம்பிடித்த காசு எஞ்சினோடு போய்விடும்.

சோக்: குளிர்ந்த எஞ்சினுக்கு மூடவேண்டும், சூடான எஞ்சினுக்குத் திறக்கவேண்டும். தன்னியக்கச் சோக் உள்ளவற்றில், அழுத்தும்போது அதன் சிறு நெம்பு அசைகிறதா என்று பாருங்கள். தூசும் குளவிக்கூட்டு மண்ணும் அதை இறுக்கிவிடும்.

பிளக்: கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறியில்தான் குறை, அல்லது சோக் அதிகம். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். துடைத்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீற்றருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

ஸ்ராட் ஆகிச் சிறிது நேரத்தில் நின்றால், பெற்றோல் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துள்ளதா என்று பாருங்கள். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் பிழை அதுவே. புதிய வகைகள் சிலவற்றில் நச்சுப்புகை கூடினால் எஞ்சினை நிறுத்தும் உணரியும் உண்டு. அது நிறுத்தினால் உணரியைக் கழற்றவேண்டாம். இயந்திரத்தை வெளிவெளியான இடத்துக்கு மாற்றுங்கள்.

உயிருக்கு ஆபத்தான மூன்று

முதலாவது, புகை. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையிலேயே உயிரை எடுக்கும். மின்பிறப்பாக்கி வீட்டிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பாராமல் நிற்கவேண்டும். றிமோட் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். பின்னேரம் மழை வந்ததென்று யாரோ இயந்திரத்தை விறாந்தைக்குள் இழுத்து வைத்திருப்பார். இரவில் மின்சாரம் நிற்க, இன்னொருவர் பாயிலிருந்தபடியே பொத்தானை அழுத்துவார். எழுந்துபோய், கண்ணால் பார்த்த பின்பே அழுத்துவது என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள்.

இரண்டாவது, வீட்டு வயருக்குள் மின்னைத் திருப்பி அனுப்புதல். மின்பிறப்பாக்கியின் வயரை வீட்டின் பிளக் துளையில் செருகினால், அந்த மின் வெளியே கம்பத்துக்கும் போகும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் கம்பியில் மின் இல்லை என்று நம்பிக் கை வைப்பார். மாற்றுச் சுவிச் பூட்டாமல் வீட்டு வயருடன் இணைக்கக் கூடாது.

மூன்றாவது, பொருந்தாத மின். எமது நாட்டு மின் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கனடா போன்ற நாடுகளில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து அன்போடு அனுப்பிய இயந்திரத்தின் பெயர்த்தகட்டைப் படித்து, மின் வேலை தெரிந்தவரைக் கேட்காமல் எதையும் செருகவேண்டாம். இறைப்பு மோட்டர் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மின் இழுக்கும். 1 குதிரைவலு மோட்டருக்கு 3 கிலோவாற்றுக்குக் குறைந்த மின்பிறப்பாக்கி திணறக்கூடும். எஞ்சின் ஸ்ராட் ஆகிச் சீராக ஓடிய பின்பே மோட்டரைச் செருகுங்கள்.

குழுவின் பொறுப்பு

பொது இயந்திரம் கெட்டுப்போவதற்குக் காரணம், அது எல்லோருடையதாகவும் ஒருவருடையதல்லாததாகவும் இருப்பதே. ஒரு கொப்பி வையுங்கள். ஓடிய மணித்தியாலம், ஒயில் மாற்றிய நாள், பற்றரி அளவு, விட்ட பெற்றோல் ஆகிய நான்கையும் எழுதுங்கள். மாதம் ஒரு குடும்பம் பொறுப்பேற்கட்டும். றிமோட் யாரிடம் இருக்கிறது என்பதும் அக்கொப்பியில் இருக்கட்டும். மீற்றர் பிடிக்க ஆண்களுக்கு மட்டுமன்றி, பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியரின் உவமை எமக்குத் தெரிந்ததே. பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐந்து பேரிடமே எண்ணெய் இருந்தது. நள்ளிரவில் கடை தேடி ஓடுவதற்கு நேரம் போதவில்லை. ஒயிலும் சார்ஜும் பார்க்காமல் றிமோட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் அப்படித்தான்.

இடம்பெயர்ந்தபோது வீட்டையும் கிணற்றையும் காணியையும் விட்டு வந்தோம். கையிலிருந்த தொழிலறிவு மட்டும் எம்மோடு நடந்து வந்தது. அதை எவரும் வழியில் பறிக்கவில்லை. அந்த அறிவோடு இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது இயந்திரம் கடைசியாகப் பழுதானபோது எவ்வளவு செலவானது? எத்தனை இறைப்புத் தவறியது? உண்மையான பிழை எது?
2. பற்றரி சுவிச்சை நிறுத்துவதும் திறப்பதும் யாருடைய பொறுப்பு?
3. எமது மின்பிறப்பாக்கி இப்போது நிற்கும் இடத்திலிருந்து அடுத்த வீட்டுச் சன்னலுக்கு எத்தனை மீற்றர்? அளந்து பாருங்கள்.
4. அடுத்த கூட்டத்துக்குள் மீற்றர் பிடிக்கக் கற்றுக்கொள்ளப்போகும் இருவர் யார்?